எல்டன் ரிங் வீடியோ கேமில் முதலில் எதை ஏற்றுவது, கத்தியையா லெவலையா?

கேள்வி: லெவல் 30 தாண்டிவிட்டேன், இன்னும் முதல் பாஸ் (பெரிய எதிரி) மார்கிட்டைத் தோற்கடிக்க முடியவில்லை. இனிமேலும் லெவல் ஏற்றுவதா, ஆயுதத்தை மேம்படுத்துவதா, இல்லை எனக்குத் திறமையே இல்லையா?

பதில்: கத்தியை. முதலில் கத்தி, அடுத்து விகர் (உங்கள் ஆளின் ரத்தக் கோட்டை நீளமாக்குவது), மற்றதெல்லாம் பிறகு. அவசரமென்றால் இதோடு மூடிவிட்டுப் போய் விளையாடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் "எனக்குத் திறமையே இல்லையா" என்று கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்த பிறகு சும்மா கடந்துபோக முடியவில்லை. மூன்று வாரம் நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். தளத்தில் கேட்கக் கூச்சம், அதனால் எனக்குள்ளேயே.

உங்கள் நிலைமையைச் சொல்லட்டுமா? சாமுராய் வகுப்பை எடுத்திருப்பீர்கள். கையில் அதோடு வரும் உச்சிகட்டானா என்ற கத்தி. ஆரம்பத்தில் எதிர்ப்படும் தங்கக் குதிரைக்காரனிடம் நாலைந்து முறை செத்துவிட்டு, "சரி, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வந்திருப்பீர்கள். ஒளிக்கீற்று காட்டிய வழியிலேயே நடந்து நேராக ஸ்டார்ம்வெயில் கோட்டைப் பாலத்தில் போய் நின்றிருப்பீர்கள். பையில் ஆயுதத்தை மேம்படுத்தும் கல்லான ஸ்மிதிங் ஸ்டோன் குறைந்தது இருபதாவது கிடக்கும். ஒன்றைக்கூடத் தொட்டிருக்க மாட்டீர்கள். இதில் ஏதாவது தப்பாக இருந்தால் மன்னிக்கவும், என் கதையை உங்கள் தலையில் கட்டுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கேமிங் சேனல் நடத்துகிறவன் இல்லை. வயது 39, கோயம்புத்தூரில் ஒரு மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசர். இந்த விளையாட்டு 2022 பிப்ரவரியில் வந்தது, நான் வாங்கியது அந்த வருடக் கடைசியில். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், அவ்வளவுதான் ஆட்டம். "இந்த வயசுல கேமா" என்று எழுத யாராவது வருவீர்கள், தெரியும். சீட்டு ஆடினால் கேட்பீர்களா? கேட்க மாட்டீர்கள்.

மார்கிட். இவரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கொம்பு முளைத்த ஒரு நெடிய கிழவர், கையில் தடி. அடிக்க ஓங்குவார். நாம் பதறிப்போய் உருளுவோம். அவர் அடிக்க மாட்டார், ஓங்கின கை ஓங்கினபடியே நிற்கும். நாம் உருண்டு முடித்து எழுந்திருக்கும் அந்த அரை நொடியில் இறக்குவார். எங்கள் ஆறாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் பிரம்பை அப்படித்தான் ஓங்கி நிறுத்துவார். பயத்தில் கையை இழுத்துக்கொண்டு, ஒன்றும் விழவில்லையே என்று திரும்ப நீட்டும்போது விழும். ரத்தம் ஏற்றும் குடுவையை எடுத்துக் குடிக்கலாம் என்றால், தூரத்திலிருந்தே ஒளிக்கத்தியை வீசுவார். இதில் ஆட்டத்தை நிறுத்தி வைக்கவும் பட்டன் கிடையாது. சிலிண்டர்காரர் பெல் அடித்தாலும் சரி, குழந்தை அழுதாலும் சரி, நீங்கள் எழுந்து போனால் உங்கள் ஆள் செத்தான்.

61 முறை செத்தேன். முப்பது தாண்டியதும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தேன், அதனால் கணக்கு தெரியும்.

இடையில் என் மூளைக்கு எட்டிய ஒரே வைத்தியம் லெவல். கேட்ஃப்ரண்ட் இடிபாடுகளில் இருக்கிற சிப்பாய்களை அடிப்பேன், ரூன் (இந்த ஆட்டத்தின் காசு) சேரும், அதைக் கொடுத்து லெவல் ஏற்றுவேன், இளைப்பாறும் ஒளியின் பக்கத்தில் உட்கார்ந்தால் சிப்பாய்கள் திரும்ப வருவார்கள், திரும்ப அடிப்பேன். சாமுராய் லெவல் 9-ல் தொடங்கும். நான் 30 வரை ஏற்றினேன். அந்த 21 புள்ளியில் 15-ஐ டெக்ஸ்டெரிட்டியில் (சுருக்கமாக டெக்ஸ், கை லாவகம்) கொட்டினேன். 15 இருந்தது 30 ஆயிற்று. மிச்சம் ஆறு விகருக்குப் போய் 12 இருந்தது 18 ஆனது. கத்திக்காரனுக்கு டெக்ஸ்தானே முக்கியம் என்று எங்கேயோ படித்திருந்தேன். படித்ததில் தப்பில்லை, அரைகுறையாகப் படித்ததுதான் தப்பு.

மார்கிட்டின் ரத்தக் கோடு ஒவ்வொரு வெட்டுக்கும் நகம் அளவுதான் குறையும். எனக்கோ மூன்றாவது அடியில் கதை முடிந்துவிடும்.

அந்தச் சமயத்தில் அக்கா பையன் லீவுக்கு வந்தான். ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி நான் சாவதை ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறான். நாலைந்து சாவு ஆனதும் எழுந்து வந்து, "மாமா, அந்த மெனுவைத் திற" என்றான். திறந்தேன்.

"கத்தி பேருக்குப் பக்கத்துல நம்பரே இல்லையே?"

"என்ன நம்பர்?"

"ப்ளஸ் ஒண்ணு, ப்ளஸ் ரெண்டுன்னு இருக்கணும் மாமா. மொட்டையா இருக்கு. கல்லே கிடைக்கலையா?"

பையைத் திறந்து காட்டினேன். 1-ஆம் எண் ஸ்மிதிங் ஸ்டோன், முப்பத்தொன்று. அவன் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. "இதை எதுக்கு மாமா வச்சிருக்க?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

என்ன சொல்ல? நல்ல கத்தி கிடைக்கும்போது போடலாம் என்று வைத்திருந்தேன். இது ஆரம்பத்தில் சும்மா கொடுத்த கத்திதானே, இதில் போய்க் கல்லை வீணாக்குவானேன் என்ற நினைப்பு. எங்கள் வீடு அப்படி. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் அண்டாவும் குண்டானும் இன்னும் பேப்பர் சுற்றியபடி பரண்மேல் இருக்கிறது. அம்மா நெளிந்த டம்ளரில் காப்பி குடிப்பார், புது டம்ளர் செட் விருந்தாளிக்கு. விருந்தாளி வந்தால், "இவங்களுக்கு எதுக்கு அதை இறக்கிட்டு" என்பார். அந்த வயிற்றில் பிறந்த பிள்ளை கல்லைச் செலவு பண்ணுமா?

இதைவிட வெட்கமான ஒன்று இருக்கிறது. பகல் முழுக்க நான் ஷாப்பில் பையன்களிடம் கத்துவதே இதைத்தான். மெஷினில் வெட்டுகிற டிப் மழுங்கிப்போயிருக்கும், அதை மாற்றாமல் மெஷினைத் திட்டுவான், மெட்டீரியலைத் திட்டுவான், ஃபீடைக் குறைப்பான், கூட்டுவான். "முதல்ல டிப்பை மாத்துடா" என்று சொல்லியே பதினாறு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து மொட்டைக் கத்தியோடு 61 முறை செத்திருக்கிறேன்.

சரி, கணக்குக்கு வருகிறேன். உச்சிகட்டானாவின் அடிப்படை அடி 115. +3 ஆக்கினால் 135. கடைசிப்படியான +25-ல் 281. அதாவது கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. இது உங்கள் ஸ்டாட் (விகர், டெக்ஸ் மாதிரி லெவலில் ஏற்றுவது) எதையும் தொடாமல் கத்தியில் மட்டும் ஏறுவது. டெக்ஸில் ஒரு புள்ளி போட்டால் என்ன ஏறும்? அந்தக் கத்தி புதிதாக இருக்கும்போது அதன் டெக்ஸ் தரம் D, அதாவது டெக்ஸால் கிடைக்கும் உபரி அடி குறைவு. ஒரு புள்ளிக்கு ஒன்று கூடினாலே பெரிது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: ஸ்டாட்டால் கிடைக்கும் உபரி அடியும் கத்தியின் படி ஏற ஏறத்தான் பெரிதாகும். மொட்டைக் கத்தியை வைத்துக்கொண்டு டெக்ஸை 30 ஆக்கியது, ஓட்டைக் குடத்துக்குக் குழாயைப் பெரிதாக்கிய மாதிரி.

கல் கணக்கு சுலபம். சாதாரண ஆயுதத்துக்கு ஒவ்வொரு எண் கல்லும் மூன்று படிக்கு வரும், முதல் படிக்கு 2, அடுத்ததற்கு 4, அதற்கடுத்து 6. ஆக ஒரு எண்ணுக்குப் பன்னிரண்டு கல். 1-ஆம் எண் கல் பன்னிரண்டு இருந்தால் +3. இப்படியே எட்டாம் எண் வரை போனால் +24. கடைசி ஒரு படிக்கு மட்டும் ஏன்ஷியன்ட் டிராகன் கல் ஒன்று. சிறப்பு ஆயுதங்களுக்கு வேறு கல், அதன் பெயர் சோம்பர் ஸ்மிதிங் ஸ்டோன். பெயருக்கேற்ற சோம்பேறிக் கல்தான், படிக்கு ஒன்று போதும், பத்தே படி. அதில் +10 என்பது இதில் +25-க்குச் சமம். "+4 தான் ஆச்சு, இன்னும் +12 ஆகலையே" என்று ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.

+3 வரை ஏற்ற எங்கேயும் அலைய வேண்டாம். ஆட்டம் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே சர்ச் ஆஃப் எல்லே இருக்கிறதே, சாமான் விற்கிற காலே உட்கார்ந்திருக்கும் இடம், அங்கேயே ஒரு பட்டறைக்கல் இருக்கிறது. நான் அதைப் பத்துப் பதினைந்து தடவை தாண்டிப் போயிருக்கிறேன், அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஏற்ற ரவுண்ட்டேபிள் ஹோல்ட் என்ற இடத்தில் ஹியூக் என்ற கொல்லரிடம் போக வேண்டும். அவரைப் பற்றிப் பிறகு.

அக்கா பையன் கன்ட்ரோலரை வாங்கி, என்னைக் கேட்காமலேயே பன்னிரண்டு கல்லைப் போட்டு +3 ஆக்கினான். எனக்கு உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்தது, அது வேறு விஷயம். அன்றைக்கு ராத்திரியே முதன்முறையாக மார்கிட்டின் ரத்தம் பாதிக்குக் கீழே இறங்கி, அவர் ஒளிச் சுத்தியலை எடுப்பதைப் பார்த்தேன். அப்படி ஒன்று இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. பார்த்த சந்தோஷத்தில் செத்தேன்.

அடுத்தது விகர். இதில் 25-க்கு 800 ரத்தம், 40-க்கு 1450, 60-க்கு 1900. அதற்கு மேல் 99 வரை போனாலும் 2100தான், 39 லெவலுக்கு வெறும் 200. ஆகவே முதல் பாஸுக்கு 25, நடுவாட்டத்தில் 40, கடைசியில் 60. இதை யாரும் பெருமையாகச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் விகரில் பந்தா இல்லை. வாளும் மந்திரமும் படம் எடுத்துப் போடலாம், ரத்தக் கோடு நீளமாக இருப்பதை யார் போடுவார்கள்?

நான் மார்கிட்டை அப்படியே விட்டுவிட்டுத் தெற்கே வீப்பிங் பெனின்சுலா போனேன். இப்படி விட்டுவிட்டுப் போகலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை, தோற்ற இடத்திலேயே நிற்பதுதான் வீரம் என்று நினைக்கிறோம். அங்கே மூன்று சர்ச்சுகளில் குடுவையைப் பலமாக்கும் கண்ணீர்த் துளிகள் கிடைத்தன. ஒரு சுரங்கத்தில் கல் பொறுக்கினேன். விகர் 25 ஆயிற்று. கத்தி +4. பத்து நாள் கழித்துப் பாலத்துக்கு வந்தேன், நாலாவது முயற்சியில் கிழவர் விழுந்தார். ராத்திரி ஒன்றரை மணி. கத்தவும் முடியாது, பக்கத்தில் எல்லோரும் தூங்குகிறார்கள். சமையலறைக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்தேன்.

இப்போது சிலர் வருவார்கள்: "திறமை இருந்தால் லெவல் ஒன்றிலேயே முடிக்கலாம்." முடிக்கலாம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ரெட்ச் என்ற வகுப்பு இருக்கிறது, லெவல் 1, எல்லா ஸ்டாட்டும் 10, உடம்பில் துணிகூடச் சரியாக இருக்காது. அதை வைத்து ஆட்டத்தை முடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீடியோவை நிறுத்திக் கத்தியின் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் பக்கத்தில் ஒரு நம்பர் இருக்கும். லெவல் ஏற்றாதவர்கள்கூடக் கத்தியை ஏற்றியிருக்கிறார்கள், நீங்களும் நானும் ஏற்றவில்லை. கத்தியையும் ஏற்றாமல் முடிக்கிற மகான்கள் சிலர் உண்டு, அவர்களுக்கு என் வணக்கம். அவர்களுக்குக் காலையில் ஏழரை மணிக்கு ஷிப்ட் இருக்கிறதா என்று தெரியவில்லை.

அதே ஆட்கள்தான் துணைக்கு ஓநாய் ஆவியை அழைத்தால் தப்பு, மந்திரம் போட்டால் தப்பு, பேட்சஸ் என்ற அந்த மொட்டைத்தலை எத்தனிடம் 5000 ரூன் கொடுத்து மார்கிட்டைக் கட்டிப்போடும் சங்கிலி வாங்கினால் மகா தப்பு என்பார்கள். அந்தச் சங்கிலியை நான் வாங்கவில்லை. கொள்கை எல்லாம் ஒன்றுமில்லை, அப்படி ஒன்று இருப்பதே மார்கிட் செத்த பிறகுதான் தெரிந்தது. ஆட்டத்தைச் செய்தவர்களே உள்ளே வைத்திருக்கும் பொருளை எடுத்தால் அது எப்படித் திருட்டு ஆகும்?

ஆனால் திறமை என்று ஒன்று இல்லவே இல்லை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். +25 கத்தி வந்தாலும் ஓங்கின கை இறங்கும்வரை காத்திருக்கக் கற்றே ஆக வேண்டும். பின்னால் உருளாமல் அவர் கைக்கு உள்ளே, உடம்பை ஒட்டி உருள வேண்டும். எனக்கு அது வந்தது, கத்தி ஏறிய பிறகுதான் வந்தது. ஏனென்றால் சண்டை சீக்கிரம் நகர்ந்ததால் அவருடைய எல்லா வீச்சையும் பார்க்க முடிந்தது. முதல் இருபது நொடியை 61 முறை பார்த்தவனுக்கு அந்த இருபது நொடி மட்டும்தான் தெரியும். இன்னொன்று, கவசம். சுமை 70 சதவீதத்தைத் தாண்டினால் உங்கள் ஆள் அரிசி மூட்டை மாதிரி உருளுவான். அழகான இரும்புக் கவசம் கிடைத்தது என்று மாட்டிக்கொண்டு இரண்டு நாள் அப்படி உருண்டிருக்கிறேன்.

கரண்ட் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். சம்பந்தம் இல்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் அணையும், அது அரசாங்கக் கணக்கு, விடுங்கள். எங்கள் ஹவுஸ் ஓனர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வாங்குகிறார். ஊருக்கெல்லாம் வீட்டு இணைப்புக்கு முதல் நூறு யூனிட் இலவசம். அது அவர் பெயரில் உள்ள மீட்டருக்குப் போகிறது, எங்களுக்கு முதல் யூனிட்டிலிருந்தே ஒன்பது. கேட்டால், "நீங்க ராத்திரி எல்லாம் பெரிய கம்ப்யூட்டர் ஓட்டுறீங்களே" என்கிறார். ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன். அவர் வீட்டு மோட்டார் தொட்டி நிரம்பி வழிய வழிய ஓடுவதை யாரும் கேட்பதில்லை. சரி, இதை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது.

பின்னால் ஸ்டாட்டைத் தப்பாகப் போட்டுவிட்டோமே என்று கவலைப்படாதீர்கள். ராயா லுகாரியா அகாடமியில் ரென்னலா என்ற பாஸை வென்ற பிறகு, லார்வல் டியர் என்ற பொருள் ஒன்று கொடுத்தால் எல்லாப் புள்ளியையும் பிரித்து மறுபடி போட்டுக்கொள்ளலாம். கத்தியில் போட்ட கல் திரும்ப வராது, அது உண்மை. அதைச் சொல்லித்தான் நானும் சேர்த்து வைத்தேன். ஆனால் அதே பக்கத்தில் ராயா லுகாரியா படிகச் சுரங்கத்தில் ஒரு மணி (பெல்) கிடைக்கும். அதை ரவுண்ட்டேபிள் ஹோல்டில் கடை வைத்திருக்கும் இரட்டைக் கன்னிகளிடம் கொடுத்தால் 1, 2-ஆம் எண் கற்களை ரூன் கொடுத்து எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த முப்பத்தொரு கல்லும் கடைச்சரக்கு. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திருந்தினேனா என்றால், இல்லை. 2024 ஜூன் 21-ல் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற கூடுதல் பாகம் வந்தபோதும் அதே கதை. அங்கே உங்கள் பழைய லெவல் பெரிதாக உதவாது, ஸ்கடுட்ரீ துண்டுகளைப் பொறுக்கி, அந்த நிலத்துக்கு மட்டுமான ஒரு பலத்தை 20 படி வரை ஏற்ற வேண்டும். நான் துண்டு தேடாமல், "நாமதான் பழைய ஆள் ஆச்சே" என்று நேராகப் போய் அடி வாங்கினேன். உலகம் முழுக்கவே நிறையப் பேர் கஷ்டமாக இருக்கிறது என்று கத்தியதில், வெளியான ஒரே வாரத்துக்குள் அந்த ஆரம்பப் படிகளின் பலத்தைக் கூட்டி அப்டேட் விட்டார்கள். ஆகவே நான் மட்டும் இல்லை.

ஹியூக்கைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கதை தெரிய வேண்டாம் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கூன் விழுந்த உடம்பு, சங்கிலியில் கட்டிப்போட்ட ஆள், கடவுளைக் கொல்லும் ஆயுதத்தை அடிக்க வேண்டும் என்பது அவர்மேல் விழுந்த ஆணை. ஆரம்பத்தில் முகம் கொடுத்தே பேச மாட்டார். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் அந்த இடமே தீப்பற்றி எரியும், அவருக்கு ஒவ்வொன்றாக மறந்துபோகும், நாம் யார் என்பதுகூட. சுத்தியல் மட்டும் நிற்காது. என் உச்சிகட்டானாவை அப்போதுதான் +25 ஆக்கினேன். ஏன்ஷியன்ட் டிராகன் கல் அதற்கு முன்பே மூன்று கையில் இருந்தது, வழக்கம்போல வைத்திருந்தேன். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அடித்துக் கொடுத்த கத்தியை அவருக்கே அடையாளம் தெரிந்திருக்குமோ என்று தோன்றியது.

மறந்துவிட்டேன், கத்தி ஏற்றக் கல் மட்டும் போதாது, ரூனும் கேட்பார்கள். +4 ஆக்க முதல்முதலாக ஹியூக்கிடம் போனபோது ரூன் முழுவதையும் லெவலில் கொட்டிவிட்டுப் போய் நின்றேன். கையில் கல் இருந்தும் திரும்பி வந்தேன். நீங்கள் இன்றைக்குச் சர்ச் ஆஃப் எல்லேக்குப் போகும்போது கொஞ்சம் ரூனை மிச்சம் வைத்துக்கொண்டு போங்கள்.